உலகிலேயே மிகப் பெரிய நகரம் எது? பட்டியலுக்குப் பட்டியல் விடை மாறுவது ஏன்?

பட்டியல் போடுகிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆளுக்கொரு எல்லையை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் தலைகளை எண்ணுகிறார்கள். அவ்வளவுதான்.

சில பட்டியல்களில் சீனாவின் சோங்கிங் முதலிடத்தில் இருக்கும். மூன்று கோடிக்கும் மேல் மக்கள்! ஆனால் 1997-இல் மாகாணத்துக்கு இணையான தகுதி பெற்ற அந்த மாநகராட்சியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஆஸ்திரியா நாட்டின் அளவு. மலைகளும் வயல்களும் தனித்தனி ஊர்களும் அதற்குள் அடக்கம். வயலையும் சேர்த்து அளந்துவிட்டு 'என் வீடு எவ்வளவு பெரிது பார்' என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

பாரிஸ் நேர் எதிர். அதன் எல்லை பெரும்பாலும் 1860-இல் போட்டதுதான். சுமார் 105 சதுர கிலோமீட்டர், 21 லட்சம் பேர். எல்லையை ஒட்டிய வட்டச் சாலையைக் கடந்தாலும் கட்டடங்கள் தொடர்ந்துகொண்டே போகின்றன; மேயர்தான் மாறிவிடுகிறார்.

என்னைக் கேட்டால், எல்லைக் கோடுகளை ஒதுக்கிவிட்டு, குப்பை அள்ளுவது யார், தண்ணீர் விடுவது யார் என்று பார்க்க வேண்டும். 'டோக்கியோ மாநகராட்சி' என்று இன்று எதுவும் கிடையாது. 1943-இல் அதை மாவட்ட நிர்வாகத்தோடு இணைத்துவிட்டார்கள். நாம் டோக்கியோ என்று நினைக்கும் பகுதியில் 23 சிறப்பு வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி மன்றம். குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு ஆகியவை மேலே இருக்கும் பெருநகர அரசின் பொறுப்பு. குப்பை வார்டுகளின் பாடு. அதுவும் 2000-இல்தான் அவர்கள் கைக்கு வந்தது. இன்னொரு வேடிக்கை: தெற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலில் கிடக்கும் ஒகசவாரா தீவுவாசிகளும் கணக்கில் டோக்கியோவாசிகளே.

லண்டன் கதை இன்னும் விசித்திரம். 1986-இல் பெருநகர மன்றத்தையே கலைத்துவிட்டார்கள். 14 ஆண்டுகள் நகரம் முழுவதற்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு எதுவும் இல்லை. 32 வட்டார மன்றங்களும், மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பழைய லண்டன் சிட்டியும் தத்தம் வேலையைப் பார்த்தன, பஸ்களும் ஓடின. அந்த ஆண்டுகளில் லண்டன் என்ற நகரம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

ஒரே விடைதான் வேண்டுமென்றால் ஐ.நா. கணக்கைப் பாருங்கள். அங்கும் எச்சரிக்கை தேவை. 2018-இல் சுமார் 3.7 கோடியோடு டோக்கியோ முதலிடம். 2025-இல் கட்டடங்களும் மக்கள் நெருக்கமும் தொடரும் பரப்பை எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலால் அளந்ததும், ஏறத்தாழ 4.2 கோடியோடு ஜகார்த்தா முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஏழே ஆண்டுகளில் யாரும் மூட்டை முடிச்சோடு அங்கே குடியேறிவிடவில்லை. ஜகார்த்தாவின் நிர்வாக எல்லைக்குள் வசிப்பவர்கள் ஒரு கோடிக்குச் சற்று மேல்தான். மற்றவர்களின் வீட்டுக் குப்பை பெக்காசி, டெப்போக், தாங்கெராங் போன்ற அண்டை நகராட்சிகளின் கவலை.