அக்காவிடம் கேளுங்கள்: தையல் மிஷினும் குரூப் 4 தேர்வும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வயதில் பையன். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வு எழுத ஆசை. யூடியூபில் ஒரு சார் ‘தினம் 10 மணி நேரம்’ என்று போட்ட அட்டவணையைப் பின்பற்றினேன். நான்காம் நாளே அறுந்துபோனது. ‘ஸ்மார்ட் இலக்கு’ எழுதி வை என்று நாத்தனார் நோட்டு வாங்கித் தந்தார். அதுவும் அப்படியே கிடக்கிறது. எனக்கு மனஉறுதி போதாதா?
– பெயர் வேண்டாம், ஆரணி

பதில்: மனஉறுதி இல்லாதவள் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கண் விழித்துக் கொக்கி தைத்துக் கொடுப்பாளா, தங்கச்சி? அந்த அட்டவணை, சோறு வடிக்கிற வேலை இல்லாத யாருக்கோ போட்டது. ‘ஸ்மார்ட்’ சமாச்சாரமும் அப்படித்தான். 1981-ல் ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் கம்பெனி நிர்வாகிகளுக்காக எழுதியது அது. இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஆங்கில வார்த்தையின் ஐந்து எழுத்துக்கும் அவர் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று, வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பது. நீங்கள் யாரிடம் ஒப்படைப்பீர்கள், பையனிடமா?

நீங்கள் மணிக்கணக்கு பார்த்தா தைக்கிறீர்கள்? ‘வெள்ளிக்கிழமைக்குள் ஆறு பிளவுஸ்’ என்றுதானே வாங்கி வைப்பீர்கள்? படிப்பையும் உருப்படிக் கணக்கிலேயே வையுங்கள். வாரத்துக்குத் தமிழில் ஓர் இயல், கணக்கில் ஒரு தலைப்பு. திங்கட்கிழமை பையனுக்குக் காய்ச்சல் வந்தால் செவ்வாய்க்கிழமை சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எதை முதலில் எடுப்பது என்பதைத் தேர்வே சொல்கிறது. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ், அதாவது 150 மதிப்பெண். அந்த 150-ல் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே, முதல் இலக்கு தமிழ்தான். பள்ளிப் பாடப்புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். அடுத்தது திறனறிவில் வரும் 25 கேள்வி. சதவீதம், தனிவட்டி, பரப்பளவு எல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்குதான். துணியை மீட்டர் கணக்கில் வெட்டுகிறவருக்குப் பரப்பளவு பிடிபடாதா என்ன! பொது அறிவு கடல். அதில் முதலிலேயே குதிக்காதீர்கள்.

இன்னொன்று. எல்லா மாதத்துக்கும் ஒரே இலக்கு வைக்காதீர்கள். வைகாசி, ஆவணி, தை எல்லாம் உங்களுக்குக் கழுத்துவரை வேலை. அப்போது வாரத்துக்கு ஓர் இயல் முடிந்தாலே பெரிது, கணக்கை விட்டுவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கை ஓய்ந்திருக்கும், அப்போது இரண்டு மடங்கு வையுங்கள். (மார்கழிக் கடைசியில் பொங்கல் துணி வந்து குவியும், அந்த வாரத்தைக் கழித்துவிடுங்கள்.) எந்தக் கோச்சிங் சென்டரும் உங்கள் முகூர்த்த நாளைப் பார்த்து அட்டவணை போடாது.

நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே துறைத் தேர்வுக்குப் படித்தவள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் என் நோட்டு. அன்றைக்குப் படித்ததில் நினைவில் நின்றதை மட்டும் அதில் எழுதி, சமையலறை ஆணியில் குத்தி வைப்பேன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் பழைய தாள் ஒன்றை உருவிப் பார்ப்பேன். உங்களுக்கு அது ஒத்துவராவிட்டால், பாடத்தைப் போனில் உங்கள் குரலிலேயே பதிந்து, தைக்கும்போது கேளுங்கள். ஓரம் அடிக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு, பழைய கேள்வித்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்திலேயே தாள்கள் கிடைக்கும். தமிழில் 40 கேள்வி சரியாக வந்துவிட்டால் அந்த 60 மதிப்பெண் கைக்கு வந்துவிட்டது. பொது அறிவை அதற்கு அடுத்த வாரம் தொடங்கலாம்.