வாசகர் கேள்வி-பதில்: ஒரே பெயரில் இரு புனிதர்கள்

கேள்வி: மகனுக்கு ஞானஸ்நானத்தில் சில்வெஸ்டர் என்று பெயர் வைத்தோம். நாள்காட்டி டிசம்பர் 31ஐக் காட்டுகிறது. கண்டியில் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் இவர்தானா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இவர் அல்ல. டிசம்பர் 31க்கு உரியவர் 335இல் இறந்த பாப்பரசர் முதலாம் சில்வெஸ்டர். கல்லூரிக்குரியவர், இத்தாலியின் ஒசிமோவில் 1177இல் பிறந்து துறவற சபை நிறுவிய மடாதிபதி சில்வெஸ்டர் கொட்சொலினி. 1267 நவம்பர் 26இல் இறந்தார். அதுவே அவர் திருநாள். 1969இல் திருச்சபையின் பொது நாள்காட்டியைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். கடையில் வாங்கும் நாள்காட்டியில் அது இல்லாததற்குக் காரணம் இதுதான். அவருடைய சபையார் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

படம் வாங்கும்போது உடையைக் கவனியுங்கள். மூன்றடுக்கு முடி இருந்தால் பாப்பரசர். துறவி அங்கியும் தலைப்பு வளைந்த கோலும் இருந்தால் மடாதிபதி. இந்த மடாதிபதியின் சபையார் பணியாற்றிய கண்டி மறைமாவட்டத்துப் பிள்ளைக்கு நவம்பர் 26தான் பொருத்தம் என்போம்.

கேள்வி: சபை நிறுவிய மடாதிபதி சில்வெஸ்டர், துறவிகள் வாழ வேண்டிய விதிகளான ஒழுங்கைத் தாமே எழுதாமல், புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) ஒழுங்கை ஏன் எடுத்தார்?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: எழுதியிருந்தாலும் அனுமதி கிடைப்பது கடினம். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் புதிய துறவற ஒழுங்குகளுக்குத் தடை போட்டது. மடம் அமைப்பவர் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

சபை தொடங்கும் நோக்கத்தோடு அவர் புறப்படவும் இல்லை. சட்டம் படிக்கப் போய் இறையியலுக்கு மாறியதால் தந்தை பத்தாண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறது அவர் வரலாறு. ஒசிமோ பேராலயக் குருவாக இருந்தவர், 1227இல், ஐம்பது வயதில், குரொத்தாஃபுச்சிலே குகையில் தனித் தவம் இருக்கப் போனார். சீடர்கள் தேடி வந்த பிறகே ஒழுங்கு தேவைப்பட்டது. 1231இல் ஃபப்ரியானோ அருகே மொந்தெஃபானோ மலையில் மடம் எழுந்தது. 1247இல் பாப்பரசர் நான்காம் இன்னசென்ட் அங்கீகரித்தார்.

ஆசீர்வாதப்பர் ஒழுங்கின் 58ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். புதிதாக வந்தவருக்கு இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதும் வாசிக்கப்படும். பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடியும், இன்னும் நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறையும். கடைப்பிடிக்க முடியாதென்றால் தாராளமாகப் போகலாம். முதல் வேகத்தில் வந்தவர், அது வடிந்த பிறகும் நிலைக்கிறாரா என்று பார்க்கத்தான் இந்த இடைவெளி. எவ்வளவு மனிதம் தெரிந்த ஏற்பாடு!

கேள்வி: பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவில் சுவாமியின் பெயர் இத்தாலியப் பெயராக இருக்கிறதே?
– வாசகர், பதுளை

பதில்: மடாதிபதி சில்வெஸ்டர் இத்தாலியில் நிறுவிய சபையார் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். 1883இல் கொழும்பிலிருந்து கண்டி தனியே பிரிக்கப்பட்டபோது கொழும்பு அமலமரித் தியாகிகள் (O.M.I.) என்ற வேறொரு சபையிடம் போனது; மலைநாடு இவர்களுக்கு வந்தது. இத்தாலியப் பெயர் வந்த வழி இதுதான். 1886இல் கண்டி மறைமாவட்டமானது. முதல் ஆயர் கிளெமெந்தே பஞ்ஞானி. பதுளை 1972 வரை கண்டியோடுதான் இருந்தது. ஆகவே குடும்பத்தின் பழைய பதிவு உங்கள் பங்கில் கிடைக்காவிட்டால், கண்டி ஆயர் இல்லத்திலும் கேட்டுப் பாருங்கள்.