வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுத்தால் நிற்குமா?

நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று நம்பிவிடுகிறோம். வடசென்னையில் காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை இன்றும் இதுதான் நடக்கிறது.

அதைவிட ஆபத்து, பல்லிடுக்கில் கரண்டியோ விரலோ வைப்பது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. உடைந்த பல் மூச்சுக்குழாயில் இறங்கினால்தான் விபரீதம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், தோள்மூட்டு விலகலாம். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். மணி பாருங்கள், எல்லாரும் மறப்பது இதைத்தான்.

5 நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், கர்ப்பிணி என்றால், இதுவே முதல் தடவை என்றால் உடனே 108. தமிழ்நாட்டில் 2008 முதல் இது இலவசம். டிரைவருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வருவார். நம் சந்துகள் பலவற்றில் வண்டி நுழையாது. கோயில், ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லி, ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.

முக்கியமான இன்னொன்று: இதயம் நின்றுபோகும்போதும் சில வினாடி உடம்பு வெட்டி இழுக்கலாம். இழுப்பு நின்றபின் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 108-இல் பேசிக்கொண்டே நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.