கூட்டாக வளர்த்த தேக்கு: ஒருவர் மட்டும் நிலத்தை விற்றால்?

கேள்வி: களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஆறு பேருக்கும் அடுத்தடுத்து பட்டா நிலம், மொத்தம் 14 ஏக்கர். 2016-ல் செலவைப் பங்கு போட்டுத் தேக்கு வைத்தோம். பன்றிக்கு வேலி, காவலுக்கு ஆள், தண்ணீருக்கு ஒரே போர்வெல், எல்லாம் பொது. 20 வருடம் கழித்து வெட்டி ஏக்கர் கணக்குப்படி பிரித்துக்கொள்வதாக 100 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், பதிவு செய்யவில்லை. இப்போது ஒருவர் தன் இரண்டரை ஏக்கரை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார். போர் அவர் நிலத்தில்தான் இருக்கிறது. வாங்குகிறவர், மரமும் எனக்குத்தான் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அண்ணாச்சி, கிரயம் என்றைக்கு என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வக்கீல் நோட்டீஸ் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். சொத்து மாற்றுச் சட்டம் 8-வது பிரிவுப்படி, கிரயப் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் நிலத்தோடு அதில் நிற்கிற மரமும் வாங்குகிறவருக்குப் போய்விடும், குழி தோண்டியது யார், தண்ணீர் விட்டது யார் என்றெல்லாம் அந்தப் பிரிவு பார்க்காது. ஆனால் அதே சட்டத்தின் 40-வது பிரிவு, நிலத்தின் உரிமையோடு சேர்ந்த ஒப்பந்தக் கடமையை, அது தெரிந்தே வாங்கியவர் மேலும் அமல்படுத்தலாம் என்கிறது. விஷயம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரைத்தான் தொட முடியாது. பத்திரத்தைப் பதிவு செய்திருந்தால் அதுவே அவருக்கு அறிவிப்பாகியிருக்கும், வில்லங்கச் சான்றிலும் தெரிந்திருக்கும். பதிவு இல்லாததால் இப்போது நீங்கள்தான் எழுத்தில் சொல்லியாக வேண்டும். நோட்டீஸோடு அந்தப் பத்திர நகலும், ஆறு பேர் சர்வே எண்களும் போகட்டும்.

பதிவு இல்லாதது எவ்வளவு பெரிய ஓட்டை என்று கேட்பீர்கள். வெட்டத் தயாராக நிற்கிற மரம் அசையும் பொருள், அதைப் பதிவில்லாமலே விற்கலாம். மண்ணிலிருந்து உறிஞ்சி இன்னும் வளர வேண்டிய மரம் நிலத்தைப் போலவே அசையாச் சொத்து. சாந்தாபாய் வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. உங்கள் தேக்கு இரண்டாவது வகை, எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்காக அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவுச் சட்டம் 49-வது பிரிவிலேயே, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கில் பதிவில்லாத பத்திரத்தைச் சாட்சியமாக எடுக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. முத்திரைத் தீர்வை குறைவென்றால் குறைவையும் அபராதத்தையும் கட்டி உள்ளே கொண்டுவரலாம். கன்று வாங்கிய ரசீது, காவலாளிக்குச் சம்பளம் கொடுத்த நோட்டு, வேலிக் கம்பி பில், இந்தத் துண்டுச் சீட்டெல்லாம் இப்போது உங்களுக்குப் பத்திரத்துக்குச் சமம், ஒன்றையும் விடாதீர்கள்.

நோட்டீஸுக்கு மசியவில்லை என்றால் கிரயத்துக்கு முன்பே வழக்குப் போட்டுவிடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு அவரையும் கட்டும், அது சொத்து மாற்றுச் சட்டம் 52-வது பிரிவு. மரத்தை எண்ணி, ஒவ்வொன்றின் சுற்றளவையும் அளக்க நீதிமன்றம் நியமிக்கும் ஒரு வக்கீல் கமிஷனரைக் கேளுங்கள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வெறும் அடிக்கட்டைதான் நிற்கிறது என்ற நிலை வந்தபின் எத்தனை மரம், எவ்வளவு பருமன் என்று யாரிடம் போய் நிரூபிப்பீர்கள்?

ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் நிலத்தை விற்பதை உங்களால் தடுக்க முடியாது. பட்டா அவருடையது. உங்கள் சண்டை மரத்துக்கும் தண்ணீருக்கும்தான்.

என்னைக் கேட்டால் மரத்தைவிட எனக்குப் பயம் தண்ணீர் மேல்தான். அந்த மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டால் கோடையில் ஐந்து பேர் தோட்டமும் காயும். தொடர்ந்து எடுத்த அனுபவத்தால் வரும் தண்ணீர் உரிமைக்கு 20 வருடம் வேண்டும், உங்களுக்கு இன்னும் அவ்வளவு ஆகவில்லை. ஆனால் அவர் அனுமதியை நம்பி நீங்கள் மண்ணுக்கடியில் குழாய் பதித்து, போருக்குப் பணமும் போட்டிருந்தால், பிறர் நிலத்தில் வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைச் சொல்லும் வசதியுரிமைச் சட்டம் 60-வது பிரிவுப்படி அந்த அனுமதியை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்று வாதாடலாம். போர் போட்ட பில் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள்.

சமாதானத்துக்கு வழி இருந்தால் அதுதான் சீக்கிரம் முடியும். கிரயப் பத்திரத்திலேயே, மரத்தில் இன்னார் பங்கு இவ்வளவு, போரில் இத்தனை மணி நேரத் தண்ணீர் என்று வாங்குகிறவர் ஒப்புக்கொண்டு எழுதினால் போதும். வெட்டும் காலத்தில் வனத்துறை அனுமதிக்குப் பட்டாதாரர் பெயரும் கையெழுத்தும் கேட்பார்கள், அதனால் ஒத்துழைப்பதாக ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மீதி ஐந்து பேரும் இனி தாமதிக்காமல் புது ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். யாரும் விற்கவே கூடாது என்று எழுதாதீர்கள், அது நிற்பது கஷ்டம், விற்பதானால் முதலில் கூட்டத்தில் உள்ளவரிடம் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். பக்கத்துக்காரர்களும் சேர்ந்து பத்துப் பேர் ஆனால் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனமாகவே பதியலாம், மரம் வளர்ப்பும் அதில் அடங்கும்.

நோட்டீஸை ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்பி, கிடைக்கும் ஒப்புகையைப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.