ஊட்டிக் குளிரில் ஆர்ட்டீமியா முட்டை பொரிக்குமா?

கடல்மீன் தொட்டிக்கு உயிருணவாக ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டையைப் பொரிக்கப் போட்டும், ஊட்டியில் அது பொரிவதில்லை என்கிறீர்கள். முட்டையைக் குறை சொல்லுமுன் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். நம் மலைவீட்டு அறைச்சூடு அதற்குப் போதவே போதாது, உறைபனி மாதங்களில் கேட்கவே வேண்டாம். தனி ஹீட்டர் வாங்காதீர்கள். பொரிக்கும் பாட்டிலை ஹீட்டர் ஓடும் மீன்தொட்டிக்குள்ளேயே பாதி அமிழ்த்திக் கட்டிவிடுங்கள். பாட்டில் தண்ணீரில் லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, அடியிலிருந்து ஓயாத காற்று, மேலே ஒரு விளக்கு.

பொரிந்ததும் காற்றை நிறுத்தி, அடிக்குச் சற்று மேலே டார்ச் அடியுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தில் திரளும், வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். டியூபால் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, அன்றைக்கே மீனுக்குக் கொடுத்துவிடுங்கள். நேரம் போகப் போகக் குஞ்சு தன் கருவுணவைத் தானே தின்று தீர்த்துவிடும், மீனுக்குச் சத்து மிஞ்சாது.