தலைவர் நேராக ஊழியரிடம் வேலை சொன்னால்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு தமிழ் அறநிறுவனத்தில் எட்டு மாதமாகத் தலைமை நிர்வாகியாக இருக்கிறேன். எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் தொண்டூழியர், நல்ல மனிதர். ஆனால் எனக்குத் தெரியாமல் ஊழியர்களுக்கு வாட்ஸ்அப்பில் வேலை கொடுக்கிறார். 200 வெள்ளிச் செலவுக்குக்கூட விளக்கம் கேட்கிறார். உறவு கெடாமல் எப்படிச் சரிசெய்வது?

பதில்: இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஊழியரிடம் நேராக வேலை சொல்வது பெரும்பாலும் பழக்கம். சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதியில்லாத நாள்களில் அவரே நாற்காலி அடுக்கியிருப்பார், ரசீது எழுதியிருப்பார். செலவைக் கேட்பது அப்படியல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத கவலை அது.

அந்தக் கவலை நியாயமானது. 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஆண்டுக்கு 600,000 வெள்ளி பெற்றது நீதிமன்றத்தில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. அங்கிருந்த நிர்வாகக் குழு, அதிகாரத்தை அவர் கையிலேயே விட்டிருந்தது. 2007இல் அறநிறுவனங்களுக்கென நிர்வாக நெறிமுறைத் தொகுப்பு வந்தது. ஊழியர் யாரும் குழுத் தலைவராக இருக்கக் கூடாது என்கிறது அது. நடத்துபவர் வேறு, மேற்பார்ப்பவர் வேறு. தவறு நடந்தால், சம்பளம் வாங்காத குழுவினரும், அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான அறநிறுவன ஆணையருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் உங்கள் தலைவரின் கேள்விகளை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

முதல் வேலை, ஒரு பக்கத்தில் செலவு வரம்பை எழுதுங்கள். எவ்வளவு வரை நீங்களே ஒப்புதல் தரலாம், எதற்குப் பொருளாளர் கையெழுத்து, எது குழுவுக்குப் போக வேண்டும். தலைவரிடம் முதலில் காட்டிவிட்டு, குழுவில் நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். அப்புறம் இது உங்களுக்கும் அவருக்குமான இழுபறியாக இருக்காது.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரோடு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கோப்பிக் கடையே போதும். கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள். நம் சமூகம் சின்னது. நன்கொடையாளர் ஒருவர் மனவருத்தப்பட்டதை அவர் தேக்காவில் (லிட்டில் இந்தியா) யாரோ சொல்லிக் கேட்கக் கூடாது. நான் பொருளாளராக இருந்த ஓர் அமைப்பில், மானியம் தாமதமானதை நிர்வாகி ஆறு வாரம் மறைத்தார். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்ற நல்லெண்ணம்தான். சரியும் செய்தார். ஆனால் அதன்பிறகு அவர் கொண்டுவந்த ஒவ்வொரு கணக்கையும் நாங்கள் இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம்.

வாட்ஸ்அப் விஷயத்தை அந்தச் சந்திப்பில் பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம். "அண்ணே, நீங்க ஒன்னு சொல்றீங்க, நான் ஒன்னு சொல்றேன், பிள்ளைங்க நடுவுல தவிக்கிறாங்க. எனக்கே அனுப்புங்க, அன்னைக்கே பதில் சொல்றேன்" என்றால் போதும். சொன்னபடி அன்றே பதில் அனுப்புங்கள். ஊழியர்களிடம், "தலைவர் கேட்டால் மரியாதையாகச் சரி என்று சொல்லி, எனக்கும் தெரியப்படுத்துங்கள்" என்று சொல்லி வையுங்கள். முதல் இரண்டு மாதம் அவர் மறந்து பழையபடி அனுப்புவார். அன்று மாலையே ஒரு போன் போட்டு, அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.