பெயர் தைத்த குழந்தைச் சட்டை: கேள்வி பதில்

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் தையல் வகுப்பு நடத்தும் என்னிடம், பிறந்த குழந்தைக்குப் பெயர் போட்ட சட்டையைக் குறைந்த செலவில் கையால் செய்து பரிசளிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பட்டணத்தாரும் சுற்றுவட்டத் தோட்டத்துப் பெண்களும் கேட்டவற்றுள் எல்லாருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், என் தங்கைக்குத் தலைப்பிள்ளை பிறக்கப் போகிறது. என்னால் 20 வெள்ளிதான் (ரிங்கிட்) ஒதுக்க முடியும். அதற்குள் ஒரு சட்டையாவது தைத்துவிட முடியுமா?

முடியும். அந்தப் பணத்தின் பெரும்பகுதியைத் துணியில் போடுங்கள். லேஸ், ரிப்பன், பளபளக்கும் பரிசுப்பெட்டி ஆகியவற்றில் ஒரு காசும் போடாதீர்கள். 150 சென்டிமீட்டர் அகலமுள்ள பருத்தி இன்டர்லாக் துணியில் (பனியன் போல் இழுபடும் துணி) அரை மீட்டர் வாங்கினால், கையில்லாத சிறிய சட்டைகள் இரண்டை வெட்டிய பிறகும் ஒரு தொப்பிக்கான துண்டு மிஞ்சும். ஈப்போவின் துணிக்கடைகளில் துண்டுத் துணிகளைத் தனியே கூடையில் போட்டு விற்பார்கள். குழந்தைச் சட்டைக்கு முழு மீட்டர் தேவையில்லை என்பதால் முதலில் அந்தக் கூடையைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் போடும் செலவு மிகச் சொற்பம். எம்பிராய்டரி நூல் ஒரு கண்டு சுமார் 8 மீட்டர் நீளம் இருக்கும். அது ஆறு இழைகளாகப் பிரியும். இரண்டிரண்டு இழையாக எடுத்துத் தைத்தால் 24 மீட்டர் கிடைக்கிறது, ஒரே கண்டில் பல பெயர்களைப் போட்டுவிடலாம். பாலியெஸ்டர் கலந்த துணி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வியர்வையை உறிஞ்சாது, குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிடும்.

எந்த அளவில் தைப்பது? பிறக்காத குழந்தையை எப்படி அளப்பது?

பிறந்த குழந்தையின் அளவில் தைக்கவே வேண்டாம். அந்தச் சட்டையைச் சில வாரங்களில் கழற்றி மடித்து வைத்துவிடுவார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆறு மாதக் குழந்தையின் சராசரி நீளம் 66 முதல் 68 சென்டிமீட்டர், தலைச் சுற்றளவு 42 முதல் 43 சென்டிமீட்டர். ஒரு வயதில் நீளம் 74 முதல் 76, தலைச் சுற்றளவு சுமார் 45 முதல் 46. நான் எப்போதும் ஆறு மாத அளவையே சொல்லிக் கொடுப்பேன், ஏனென்றால் அதற்கு முன்பு சற்றுத் தொளதொளவென்று போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பின்பும் கொஞ்ச காலம் தாங்கும்.

குழந்தைச் சட்டையில் அளவு தவறும் இடம் பெரும்பாலும் கழுத்துதான். குழந்தையின் தலை உடம்பின் அளவுக்குப் பெரியவர்களுடையதை விடப் பெரிது என்பதை மறந்துவிட்டு, பெரியவர்களின் சட்டையைச் சுருக்கிய மாதிரி வெட்டிவிடுகிறார்கள். சட்டையின் கழுத்தை இழுத்துப் பிடித்து அளக்கும்போது அது தலைச் சுற்றளவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். தோளில் முன்துணியும் பின்துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்படி தைத்தால் இன்னும் நல்லது. குழந்தை மலம் கழித்துச் சட்டையெல்லாம் நனைந்துபோன நேரத்தில், அதைத் தலை வழியாக இழுக்காமல் தோளிலிருந்து கீழ்நோக்கிக் கழற்றிவிடலாம். இதன் அருமை தாய்மார்களுக்குத் தெரியும்.

அளவுத் தாள் வாங்கவும் வேண்டியதில்லை. உறவில் யாரிடமாவது அந்த வயதுக் குழந்தையின் சட்டை இருந்தால் இரவல் வாங்கி, இரண்டாக மடித்துச் செய்தித்தாளின்மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, தையலுக்கு 1 சென்டிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறக்கும் முன்பே புதுத்துணி தைக்கக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்கிறார். பெயரும் இன்னும் வைக்கவில்லை. பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் சடங்குக்குள் எப்படித் தைத்து முடிப்பது?

மாமியாரோடு இதற்காக வாதாட வேண்டாம். பிறந்ததும் பழந்துணியில்தான் பிள்ளையை வாங்க வேண்டும் என்ற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, துவைத்துத் துவைத்து மெத்தென்றான துணி பச்சைக் குழந்தையின் தோலுக்கு நல்லதுதான். இப்போது துணியை வாங்கி, துவைத்து, காயவைத்து மட்டும் வையுங்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கும். நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினாலே 50 சென்டிமீட்டர் துணியில் 2 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே இந்த வேலையை வெட்டுவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். சட்டை தைப்பதைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெயரைச் சட்டையின்மேல் நேரடியாகப் போடாமல், உள்ளங்கையில் பாதி அளவுள்ள பாப்ளின் துண்டு ஒன்றில் தைத்து, ஓரங்களை மடித்துச் சட்டையில் ஒட்டுப் போடுங்கள். பெயர் தெரிந்த அன்றைக்கே ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை அது. ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், போடுவதாக இருந்தால், பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலைத் தாயிடமோ தகப்பனிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்ய 60 நாள் அவகாசம் இருப்பதாலும், எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நம்மவர்களிடம் சகஜம் என்பதாலும், காதால் கேட்டதை நம்பித் தைத்தால் பிறகு நூலைப் பிரிக்க வேண்டிவரும்.

தமிழ் எழுத்தில் பெயர் போட ஆசை. போட்டுப் பார்த்தேன்; எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப் புழு நெளிவது போல் ஆகிவிட்டன.

எழுத்தைச் சிறியதாகப் போட்டிருப்பீர்கள். ரூமி எழுத்து 1 சென்டிமீட்டர் உயரத்திலும் தெளிவாக விழும். தமிழ் எழுத்துக்குச் சுழிகள் அதிகம். ‘கயல்விழி’ என்று போடும்போது ‘ழி’யின் அடிச்சுழிக்குள் ஊசி திரும்ப இடம் வேண்டும். குறைந்தது 2 சென்டிமீட்டர் உயரம் வையுங்கள். பெயர் நீளமாக இருந்தால் முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுவது, முழுப் பெயரையும் நெருக்கித் திணிப்பதைவிட அழகு.

சூட்டில் அழியும் பேனாவால் முதலில் எழுதிக்கொண்டால், தைத்த பிறகு இஸ்திரி போட்டதும் கோடு மறைந்துவிடும். கடுங்குளிரில் அந்த மை திரும்பத் தெரியும் என்பார்கள். சட்டையை ஐஸ்பெட்டியின் உறைதட்டில் வைக்காத வரை நமக்கு அந்தக் கவலை இல்லை. கோட்டின்மேல் இரண்டு இழை நூலால் காம்புத் தையல் (ஒவ்வொரு தையலும் முந்திய தையலின் பாதியில், அதன் பக்கத்திலிருந்து தொடங்குவது) போடுங்கள். நேர்க்கோட்டில் ஒரு தையல் 4 மில்லிமீட்டர் இருக்கலாம். சுழி வந்ததும் 2 மில்லிமீட்டராகக் குறையுங்கள். வளைவு உடையாமல் வருவதற்கு இது ஒன்றுதான் வழி. ‘ல்’ மேல் வரும் புள்ளியை முடிச்சுத் தையலாகப் போட்டால் குழந்தையின் நகத்தில் மாட்டும். நாலைந்து குறுந்தையல்களை நெருக்கி நிரப்பினாலே புள்ளி உருண்டையாகத் தெரியும்.

இன்டர்லாக் போன்ற இழுபடும் துணியாக இருந்தால் எம்பிராய்டரி வளையத்தில் விறைப்பாக மாட்டாதீர்கள். கழற்றியதும் துணி சுருங்கி எழுத்தெல்லாம் கொசகொசவென்று ஆகிவிடும். பின்பக்கம் ஒரு மெல்லிய பருத்தித் துண்டை ஓட்டுத்தையலால் பிடித்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தையுங்கள்.

இனி நான் வகுப்பில் சலிக்காமல் சொல்லும் விஷயம். சட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் தோலில் படுவது அந்தப் பக்கம்தான். தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுப் போடாமல், நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள்; பிறகு மெத்தென்ற துணித்துண்டு ஒன்றை ஓரம் மடித்து அதன்மேல் மூடித் தைத்துவிடுங்கள். பெயரை முதுகுப் பக்கம் ஒருபோதும் போட வேண்டாம், குழந்தை நாள் முழுவதும் மல்லாந்துதான் கிடக்கும். நான் விரும்பும் இடம் சட்டையின் கீழோரம், இடப்பக்கம். எச்சிலும் பாலும் அங்கே அவ்வளவாகப் படாது.

தாத்தாவின் பழைய வேட்டி, அம்மாவின் நூல்சேலை ஆகியவற்றை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவற்றில் பேரனுக்குத் தைக்கலாமா?

தாராளமாகத் தைக்கலாம், செலவே இல்லாத பரிசு இது. வேட்டித் துணி மெலிந்துபோயிருந்தால் இரட்டையாகப் போட்டுத் தையுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இழை விலகிய இடங்களை ஒதுக்கி வெட்டுங்கள். வேட்டிக்கரையைச் சட்டையின் கீழோரமாக வரும்படி வைத்தால் மடித்துத் தைக்கும் வேலையும் மிச்சமாகும், தாத்தாவின் வேட்டி என்று பார்த்தவுடன் தெரியும்.

ஆனால் அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடியது. இந்தக் குறைபாடு நம் நாட்டில் அரிதல்ல. அதனால்தான் இங்கு பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அதற்கான பரிசோதனை செய்கிறார்கள். இரண்டு முறை துவைத்துவிட்டால் வாசனை போய்விடும் என்ற நம்பிக்கையில் அந்தத் துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடாதீர்கள். குறைபாடு உள்ள குழந்தை என்றால் அந்தத் துணியை அறவே தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து தாய்க்கு ஒரு பையோ தலையணை உறையோகூடத் தைக்க வேண்டாம், ஏனென்றால் எல்லாம் ஒரே அறையில்தான் இருக்கும். தைத்து முடித்த புதுச் சட்டையையும் அந்த அலமாரியில் வைக்கக் கூடாது.

என்னிடம் தையல் இயந்திரம் இல்லை.

ஊசியும் கத்தரியும் போதும். பின் தையலை, அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னோக்கிக் குத்தி முன்னால் எடுக்கும் தையலை, நெருக்கமாகப் போட்டால் உறுதியாக நிற்கும். மெல்லிய பருத்தித் துணியில், நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி முதலில் ஒரு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, உட்புறமாகத் திருப்பி மறுபடியும் ஒரு தையல் போடுங்கள். பிசிறு உள்ளேயே அடங்கிவிடும், ஓரம் பிரியாமல் இயந்திரத்தில் போடும் ஓவர்லாக் தையல் தேவைப்படாது.

இயந்திரம் இருக்கிறது, ஆனால் டி-சட்டைத் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

ஊசியை மாற்றுங்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாகக் கிடைக்கும். 75 அல்லது 80 அளவு சரியாக இருக்கும். கூர்முனை ஊசி துணியின் கண்ணிகளைக் குத்தி அறுத்துவிடுவதால், துவைத்த பிறகு சிறு ஓட்டைகளும் தோன்றும். நேர்த்தையலுக்குப் பதிலாக ஒடுக்கமான ஸிக்ஸாக் போட்டால், சட்டையை இழுக்கும்போது நூல் அறாது.

கண்ணேறு படாமல் இருக்கச் சட்டையில் கறுப்பு மணி கோத்துத் தைக்கலாமா? தொப்பிக்கு நாடா வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். மணி, ஜிமிக்கி, சலங்கை, பெரிய பட்டன் என எது அறுந்து விழுந்தாலும் தொண்டைக்குள் போகும். திருஷ்டிக்காகத்தான் என்றால் கறுப்பு நூலால் ஒரு பொட்டுத் தைத்துவிடுங்கள், பாட்டிமாருக்கும் மனக்குறை இருக்காது. கழுத்துக்கும் தொப்பிக்கும் நாடா வைப்பது இன்னும் ஆபத்து. ஐரோப்பாவின் இ.என். 14682 என்ற தரவிதி, ஏழு வயது வரையான பிள்ளைகளின் உடையில் கழுத்து, தலைப் பகுதிகளில் நாடாவையே அனுமதிப்பதில்லை. நாடா இல்லாத தொப்பியும் முகத்தின்மேல் சரிந்து மூச்சை அடைக்கலாம் என்பதால், தூங்கும்போது அதைக் கழற்றிவிடும்படி தாயிடம் சொல்லி வையுங்கள்.

கையுறையும் காலுறையும் தைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே தொங்கும் ஒரே ஓர் இழை நூல் குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். குழந்தை எதற்கு அழுகிறது என்று வெகுநேரம் யாருக்கும் தெரியாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஒவ்வோர் இழையாக வெட்டிய பிறகே கொடுங்கள்.

என் இரண்டு பிள்ளைகளும் பிறக்கப்போகும் தம்பிக்குத் தாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார்கள்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, பிளிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, துணிச்சாயத்தை ஸ்பாஞ்சில் ஊற்றித் தொட்டு அச்சுப் போடச் சொல்லுங்கள். சட்டைக்குள் செய்தித்தாளை வைக்காவிட்டால் சாயம் முதுகுப் பக்கம் வரை ஊறிவிடும். ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, துணியை மறுபக்கம் திருப்பி, நீராவி இல்லாமல் சில நிமிடம் சூடான இஸ்திரி போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். எத்தனை நிமிடம் என்பது புட்டியிலேயே இருக்கும். பள்ளிக்கூட வண்ணக்கலவை இதற்கு உதவாது, முதல் துவையலில் கரைந்து ஓடிவிடும்.

கடையில் கொடுத்துப் பெயரை அச்சடித்துவிட்டால் வேலை மிச்சம்தானே?

வேலை மிச்சம்தான். ஆனால் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் எழுத்துக்குள் காற்று புகாது. பெயரைச் சிறிதாகப் போடச் சொல்லுங்கள். நெஞ்சு முழுவதும் படம் வேண்டாம்.

தீபாவளிக்குப் பழைய பட்டுச்சேலையில் பாவாடை தைக்க நினைக்கிறேன்.

சரிகை குழந்தையின் தொடையை உராயும். பருத்தி உள்துணி கொடுத்து, சரிகைக்கரை கீழோரத்தில் மட்டும் வரும்படி வெட்டுங்கள். இடுப்புக்கு நாடாவை விட அகலமான எலாஸ்டிக் நல்லது.

தைத்து முடித்தாயிற்று. அப்படியே மடித்துக் கொடுத்துவிடலாமா?

மிதமான சோப்பில் ஒருமுறை துவைத்து, வெயிலில் முழுவதும் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டே நாளில் கரும்புள்ளிப் பூஞ்சை பிடித்துவிடும், அது லேசில் போகாது. வாசனைத் திரவியம் எதுவும் தெளிக்காதீர்கள். குண்டூசிகளை எண்ணித் துணியில் குத்தியிருந்தால், மடிப்பதற்கு முன் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.